பாலாற்றுப் படிவுகளின் மாதிரியாக்கம்

பாலாற்றுப் படிவுகளின் மாதிரியாக்கம் என்பது, பாலாற்றின் ஓரமாகப் படிந்துள்ள மணல், சரளை, களிமண் அடுக்குகளின் ஊடாக நிலத்தடிநீரும் அதில் கரைந்த மாசுகளும் நகரும் விதத்தைக் கணிதச் சமன்பாடுகளால் கணிக்கும் முறை ஆகும். தோல் பதனிடும் தொழில் செறிந்துள்ள வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் இம்முறை சிறப்பிடம் பெறுகின்றது. ஒரு கிணறு எவ்விடத்துக் கழிவால் கெட்டது, கழிவு நின்றபின் எத்தனை ஆண்டுகளில் அது மீளும் என்ற கேள்விகளுக்கு இதன் மூலம் விடை தேடப்படுகின்றது.

படிவுகளின் அமைப்பு

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரப் பிரதேசம் வழியாகத் தமிழ்நாட்டினுள் நுழைந்து, வயலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி மேற்பரப்பில் நீரோட்டம் இராது. ஆற்று மணலும் அதனை ஒட்டிய வண்டலும் நீரைத் தேக்கி வைக்கின்றன. இவற்றின் கீழே சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் கொண்ட கடும்பாறையும் உள்ளன.

மார்க்கபந்தீசுவரர் கோயில் அமைந்துள்ள விரிஞ்சிபுரம் இவ்வாற்றின் கரையில், ஆம்பூருக்குக் கீழ்ப்புறமும் வேலூருக்கு மேற்புறமுமாக உள்ளது. இத்தகைய ஊர்களின் கிணறுகள் தம் எல்லைக்குள் நிகழ்வனவற்றால் மட்டுமன்றி, ஆற்றின் மேற்பகுதியில் நிகழ்வனவற்றாலும் பாதிக்கப்படலாம்.

அடிப்படைக் கொள்கை

வங்கியியல், நிலவியல், பொறியியல் ஆகிய துறைகளில் இருப்பைக் கணிக்கும் மாதிரிகள் யாவற்றுக்கும் ஒரே கணக்கு அடிப்படையாகும்: வரவிலிருந்து செலவைக் கழித்தால் இருப்பின் மாற்றம் கிடைக்கும். வங்கி வைப்பில் பணம் இருப்பது போலப் படிவில் நீரும் உப்பும் இருப்பாக உள்ளன. மழை, வெள்ளம், ஏரிக்கசிவு ஆகியன நீரின் வரவு. கிணற்று இறைப்பு, ஆவியாதல், கீழ்நோக்கிய ஓட்டம் ஆகியன செலவு. உப்புக்குத் தனிக்கணக்கு உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி விடுவதால், நீரின் இருப்பு குறைந்தாலும் உப்பின் இருப்பு குறைவதில்லை.

நீரோட்டத்தின் வேகம் 1856 இல் பிரெஞ்சுப் பொறியாளர் என்றி டார்சி வெளியிட்ட விதியால் கணிக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, நீர்க்கடத்துதிறன் நாளொன்றுக்கு 50 மீட்டர், நீர்மட்டச் சரிவு 1000 மீட்டருக்கு 2 மீட்டர், பயனுறு நுண்துளைமை 25 விழுக்காடு எனக் கொண்டால், நீர் நாளொன்றுக்கு 0.4 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும்.

மாசுகளின் நடத்தை

தோலைக் கெடாமல் காக்கப் பயன்படும் உப்பிலிருந்து வரும் குளோரைடு, மண்துகள்களில் ஒட்டாமல் நீரின் வேகத்திலேயே செல்லும். எனவே மாதிரியைச் சரிபார்க்க அது ஏற்றது. பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணில் தங்கி விடும். அறுவிணைதிறக் குரோமியம் நீரில் எளிதாக நகரும், நச்சுத்தன்மையும் மிக்கது. மண்துகள்களில் ஒட்டுவதால் ஒரு மாசு நீரைவிடப் பத்து மடங்கு மெதுவாக நகர்ந்தால், மேற்கண்ட ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 70 ஆண்டுகள் வரை ஆகும். மாசு மெதுவாக வருவது போலவே மெதுவாகவே வெளியேறும். ஆலைக் கழிவு நின்ற மறுநாளே கிணறு தூய்மை அடையாததற்கு இதுவே காரணம்.

செயல்முறை

முதலில் நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுக்குகளின் தடிமன், கடத்துதிறன், மழைவரவு, இறைப்பு ஆகிய மதிப்புகள் இடப்படும். கணிப்பொறி தரும் நீர்மட்டங்கள் கிணறுகளில் அளந்தவற்றோடு ஒத்துவரும்வரை மதிப்புகள் திருத்தப்படும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை உருவாக்கிய மாட்ஃப்ளோ என்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. மேல் பாலாற்று வடிநிலத்தில் மாசு நகர்வு பற்றி, ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மு. தங்கராஜனின் மாதிரி ஆய்வு 1999 இல் வெளியானது.

சட்டமும் இழப்பீடும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே ஈடு செலுத்த வேண்டும், முன்னெச்சரிக்கை தேவை ஆகிய இரு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என அதில் கூறப்பட்டது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு சுட்டியது. 2025 சனவரி 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு அளித்து அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இழப்பீட்டுக்கு உரியவர் யார் என்பதை முடிவு செய்ய, மாசு எதுவரை பரவியது என்பது தெரிய வேண்டும். கிணற்று நீரின் ஆய்வு ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். கடந்த பரவலையும் வரப்போகும் பரவலையும் மதிப்பிட மாதிரி உதவுகின்றது.

வரம்புகள்

கடும்பாறையின் வெடிப்புகள் செல்லும் திசையைக் கட்டங்களில் துல்லியமாகக் காட்டுவது கடினம். மணல் அள்ளப்படும் இடங்களில் படிவின் தடிமனே மாறிவிடுகின்றது. 2021 நவம்பரில் பாலாற்றில் ஏற்பட்டது போன்ற பெருவெள்ளம் நீர்வரவைத் திடீரென மாற்றும். ஆகவே கிணறுகளைத் தொடர்ந்து அளந்து மாதிரியைப் புதுப்பித்து வருவது இன்றியமையாததாகும்.