குடைசல் வேலையில் கவனம்

நெசவாளர்க்குத் தார்க்குச்சியும், குழந்தைகட்குச் செப்புச் சாமானும், இல்லத்திற்குக் குங்குமச் சிமிழும் கடைசல் பட்டறையிலே உருப்பெறுகின்றன. அம்பாசமுத்திரத்து மரச் செப்புகளை அறியாதார் நம்மிடையே சிலரே. வயலில் வேலையில்லாத மாதங்களில் அங்கத்தினர் சிலர் கடைசலைத் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். ஆதலின் அத்தொழிலில் உள்ள ஓர் அபாயத்தை இங்கு விளக்க விரும்புகிறோம்.

தவணை நிலுவை பற்றி விசாரிக்க ஓர் அங்கத்தினர் இல்லத்திற்கு ஒருமுறை சென்றிருந்தோம். சங்கக் கடனில் மின் கடைசல் இயந்திரம் வாங்கி, ஆறு மாதம் தவறாது தவணை செலுத்தியவர் அவர். வாய் குறுகிய குடுவை ஒன்றைக் குடையுங்கால் உளி மரத்தில் மாட்டிக்கொண்டது. கைப்பிடி துள்ளி எழுந்து அவர் மணிக்கட்டை முறித்துவிட்டது. பதிவேட்டில் ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லாக நாம் கண்டது, அவ்வீட்டில் மூன்று மாத வருவாயின் இழப்பாக இருந்தது. “உளியும் நல்லது, மரமும் நல்லது, ஏன் இப்படி ஆயிற்று என்று விளங்கவில்லை, ஐயா” என்றார்.

காரணம் இதுவே. வெளிப்புறம் கடையும்போது உளியைத் தாங்கும் இரும்புச் சட்டம் மரத்தை ஒட்டி நிற்கிறது. உட்புறம் குடையும்போதோ முனை மேலும் மேலும் உள்ளே செல்ல, தாங்கி வாயிலிலேயே நின்றுவிடுகிறது. அப்போது உளி ஒரு நெம்புகோலாகிறது. தாங்கிக்கு இப்பால் கைப்பிடி 15 அங்குலமும், அப்பால் முனை 3 அங்குலமும் இருப்பின், மரம் முனையை அழுத்தும் விசையில் ஐந்தில் ஒரு பங்கையே கை தாங்க வேண்டும். முனை 9 அங்குலம் நீண்டால் அதுவே ஐந்தில் மூன்று பங்காகும், அதாவது மும்மடங்கு. இதை உணராது சிறு உளியால் ஆழக் குடைவதே விபத்திற்கு வித்து.

ஆகவே கவனிக்கற்பாலன இவை:

1. ஆழம் மிகும்தோறும் தடித்த தண்டும் நீண்ட கைப்பிடியும் உள்ள உளியைக் கொள்க. வாய் அகன்ற பாத்திரமாயின் தாங்கியையே உள்ளே திருப்பி வைக்கலாம்.

2. சுரண்டும் உளியின் முனை, மரத்தின் மையத்திற்குச் சற்று மேலே இருத்தல் வேண்டும். அங்கிருந்து தாழ்ந்தால் முனை மரத்தை விட்டு விலகும்; மையத்திற்குக் கீழே தாழ்ந்தாலோ மரத்திற்குள் பாயும்.

3. இயந்திரத்தை முடுக்குமுன் கட்டையைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்க்க. வெடிப்புள்ள கட்டையை விலக்குக.

4. பெருங்கட்டைக்குக் குறைந்த வேகமே தகும். 12 அங்குல விட்டமுள்ள கட்டை நிமிடத்திற்கு 1000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 57 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. முடுக்கும்போது அதற்கு நேரே நில்லாது விலகி நிற்க. முகத்தை மறைக்கும் காப்பு இன்றியமையாதது.

5. குறுகிய வாயினுள் மரச்சீவல் அடைத்துக்கொண்டால் உளி சிக்கும். அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தி, முற்றும் நின்றபின் சீவலை அகற்றுக. சுவரின் கனத்தை அளப்பதும் அவ்வாறே. சுழலும் குடுவையினுள் விரலையோ, விரலில் சுற்றிய உப்புத்தாளையோ, துணியையோ நுழைத்தல் கூடவே கூடாது.

6. தோளில் துண்டும் தொங்கும் கைச்சட்டையும் பட்டறைக்கு ஆகா. வேட்டியை இறுகக் கட்டுக.

இறுதியாகச் சங்க நிர்வாகிகட்கு ஒரு வார்த்தை. இயந்திரத்திற்குக் கடன் வழங்கும்போது, தடித்த உளிக்கும் முகக் காப்பிற்கும் ஆகும் தொகையையும் அதனுடன் சேர்த்து அளித்தல் நலம். அது சிறு தொகையே. கடனைத் திருப்பிச் செலுத்துவது இயந்திரமன்று, அதனை இயக்கும் கையே என்பதை நாம் மறத்தலாகாது.