புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கும் கோடிகள் எங்கே போகுது? லைட்ஹவுஸ் குப்பம் மக்களும் கணக்கு கேட்கலாம்!

பொன்னேரி:

பழவேற்காடு ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். நடுவில் இருக்கும் மீனவ கிராமம் லைட்ஹவுஸ் குப்பம். மீன்பாடு இருந்தால்தான் இங்கே அடுப்பு எரியும். இந்த ஊரில் ஒருவருக்கு புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நோயைப் போலவே பயமுறுத்துவது தூரமும் செலவும்தான்.

கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை ஒரே நாளில் முடியாது. பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரம் போக வேண்டும். குப்பத்தில் இருந்து பழவேற்காடு வந்து, பஸ் பிடித்து பொன்னேரி போய், அங்கிருந்து மின்சார ரெயிலில் சென்ட்ரல், பிறகு மறுபடியும் பஸ். நோயாளிக்கு வேலை போச்சு. கூட போகிறவருக்கும் கூலி போச்சு.

'புற்றுநோய் மையத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த பணம் எல்லாம் எங்கே போகுது? இப்படி கேட்பது நியாயம்தான். அந்த பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, யாரிடம் கணக்கு கேட்பது என்று பார்ப்போம்.

எந்த ஆஸ்பத்திரி யாருடையது?

முதலில் இதை தெரிந்துகொள்ள வேண்டும். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை அரசு ஆஸ்பத்திரி என்றே பலர் நினைக்கிறார்கள். அது அரசு ஆஸ்பத்திரி அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொண்டு நிறுவனமாக தொடங்கப்பட்டது. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு சிகிச்சை ஆரம்பமானது. அந்த 12 படுக்கை பின்னாளில் 500-ஐ தாண்டியது. 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க உழைத்த இடம் இதுதான். நன்கொடையும் வருகிறது, அரசு பணமும் வருகிறது. அதை செலவு செய்வது நிறுவனத்தின் நிர்வாகம்.

காஞ்சீபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் ஆஸ்பத்திரி அப்படி இல்லை. அது முழுக்க முழுக்க தமிழக அரசுடையது. புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ந் தேதி மறைந்த அண்ணாவின் பெயரில், அவர் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. அதை உயர் சிறப்பு மையமாக மாற்ற 100 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஆனால் நம்ம குப்பத்தில் இருந்து அது 100 கிலோ மீட்டருக்கும் அதிக தூரம்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் கணக்கு அரசிடம். தொண்டு ஆஸ்பத்திரி என்றால், பணம் கொடுத்த அரசிடமும் கேட்கலாம், வாங்கிய நிறுவனத்திடமும் கேட்கலாம்.

அறிவிப்பு வேறு, வந்த பணம் வேறு

பட்ஜெட்டில் ஒரு தொகையை அறிவித்த உடனே அது ஆஸ்பத்திரி கணக்குக்கு வந்துவிடாது. முதலில் அரசாணை வர வேண்டும். பிறகு நிதித்துறை தவணை தவணையாக விடுவிக்கும். கட்டிடம் என்றால் பொதுப்பணித்துறை டெண்டர் விடும். மருந்து, கருவி என்றால் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வாங்கும். இதில் ஒரு இடத்தில் பைல் நின்றாலும் எல்லாம் நிற்கும்.

மத்திய அரசு பணத்துக்கும் இதே கதைதான். நாடு முழுக்க 19 மாநில புற்றுநோய் நிறுவனங்களுக்கும், 20 உயர்சிகிச்சை புற்றுநோய் மையங்களுக்கும் ஒரு திட்டத்தில் ஒப்புதல் தரப்பட்டது. மாநில நிறுவனம் ஒன்றுக்கு அதிகபட்சம் 120 கோடி ரூபாய். உயர்சிகிச்சை மையத்துக்கு 45 கோடி ரூபாய். இது முழுவதும் டெல்லி பணம் அல்ல. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஒருவர் பங்கு தாமதம் ஆனால் மொத்த வேலையும் தாமதம் ஆகும்.

முதல் தவணையை செலவு செய்ததற்கு 'பயன்பாட்டுச் சான்றிதழ்' தர வேண்டும். எந்த வேலைக்கு பணம் வாங்கினோமோ அதற்கே செலவு செய்தோம் என்று எழுதிக் கொடுக்கும் கணக்குதான் அது. மத்திய அரசின் நிதி விதிப்படி நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் இதை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தவணை சிக்கல்தான். 'அரசு பணம் தரலை' என்று ஆஸ்பத்திரி சொல்லும். 'நீங்க கணக்கு தரலை' என்று அரசு சொல்லும். நடுவில் காத்திருப்பது நோயாளி.

மிஷின் வந்தால் மட்டும் போதுமா?

போதாது. கதிர்வீச்சு தரும் 'லீனியர் ஆக்சிலரேட்டர்' கருவியின் விலை பல கோடி. அதை சாதாரண அறையில் வைக்க முடியாது. கதிர் வெளியே வராமல் இருக்க கனத்த கான்கிரீட் சுவர் கட்ட வேண்டும். மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தர வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை டாக்டர், மருத்துவ இயற்பியலாளர், கருவியை இயக்கும் டெக்னீஷியன் எல்லோரும் வேண்டும். பழுது பார்க்க ஆண்டு ஒப்பந்தமும் வேண்டும்.

இயந்திரம் புதுசாக இருந்தும் டீசல் இல்லாவிட்டால் படகு கரையில்தான் நிற்கும். இதுவும் அப்படித்தான். கட்டிடத்துக்கும் கருவிக்கும் ஒரு முறை பணம் கொடுத்தால் போதும். சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். அதனால் 'எத்தனை கோடி?' என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். 'தினமும் எத்தனை பேருக்கு சிகிச்சை நடக்குது?' என்று கேட்டால்தான் முழு பதில்.

கணக்கு பார்ப்பது யார்?

அரசு ஆஸ்பத்திரி செலவை இந்திய தணிக்கை துறை, அதாவது சி.ஏ.ஜி. தணிக்கை செய்யலாம். மாநில கணக்கு பற்றிய அறிக்கை சட்டசபையில் வைக்கப்படும். அதை எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய பொதுக்கணக்கு குழு ஆராயும்.

தொண்டு நிறுவனமும் தப்ப முடியாது. ஒரு ஆண்டில் 25 லட்சம் ரூபாய்க்கு குறையாமல் அரசு மானியம் வாங்கி, அது அந்த நிறுவனத்தின் மொத்த செலவில் 75 சதவீதத்துக்கு குறையாமல் இருந்தால் சி.ஏ.ஜி. தணிக்கை வரும். மானியம் 1 கோடி ரூபாய்க்கு குறையாமல் இருந்தால், 75 சதவீதம் இல்லாவிட்டாலும் ஜனாதிபதி அல்லது கவர்னர் ஒப்புதலோடு தணிக்கை செய்யலாம். 1971-ம் ஆண்டு சட்டம் இப்படி சொல்கிறது.

உங்க அட்டையிலும் அரசு பணம்

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். புற்றுநோய் ஆபரேஷன், கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் இதில் வருகிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்று எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு போனால் அட்டைக்கு பதியலாம். நோய் வந்த பிறகு அலையாமல் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது.

உங்க பெயரை சொல்லி ஆஸ்பத்திரிக்கு போகும் பணம் இது. அதனால் 'என் அட்டையில் எவ்வளவு எடுத்தீங்க? எதுக்கு எடுத்தீங்க?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திட்டத்தில் அனுமதியான சிகிச்சைக்கு தனியாக பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம். சிகிச்சைக்காக போகும் புற்றுநோயாளிக்கும், துணைக்கு போகிறவருக்கும் ரெயில் கட்டண சலுகையும் இருக்கிறது. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்க.

10 ரூபாயில் கேட்கலாம்

2005-ம் ஆண்டு தகவல் உரிமை சட்டப்படி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் கோர்ட்டு கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்கு கீழே இருப்பவர்கள் அதற்கான சான்று வைத்தால் அந்த 10 ரூபாயும் வேண்டாம். அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி பற்றி என்றால், அந்த ஆஸ்பத்திரியின் பொது தகவல் அலுவலருக்கோ, சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கோ அனுப்பலாம். இப்படி கேளுங்க:

1. கடந்த 3 ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? கைக்கு வந்தது எவ்வளவு? செலவானது எவ்வளவு?

2. பயன்பாட்டுச் சான்றிதழ் எந்த தேதியில் கொடுக்கப்பட்டது? அதன் நகல் வேண்டும்.

3. கதிர்வீச்சு கருவிகள் எத்தனை? கடந்த ஆண்டு எத்தனை நாள் பழுதாகி நின்றது?

4. டாக்டர், டெக்னீஷியன் பணியிடம் எத்தனை? காலி எத்தனை?

5. கதிர்வீச்சுக்கு பெயர் கொடுத்தவர் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறார்?

30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் மாநில தகவல் ஆணையம்.

தொண்டு ஆஸ்பத்திரி என்றாலும், கணிசமான அளவு அரசு நிதி வாங்கினால் இந்த சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 'நாங்க வரமாட்டோம்' என்று அவர்கள் சொன்னால் இருக்கவே இருக்கிறது இன்னொரு வழி. பணம் கொடுத்த அரசுத்துறையிடம் கேளுங்க. எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அங்கே இருக்கும்.

ஊராக சேர்ந்து கேட்டால்...

தனி ஆளாக எழுத தயக்கமாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடும்போது தீர்மானம் போடலாம். 'பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனை மாதத்துக்கு எத்தனை பேருக்கு நடக்கிறது?' என்று அங்கேயே கேட்கலாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். மனு கொடுத்ததும் ரசீது வாங்க மறக்காதீங்க.

மீன் ஏலத்தில் கிலோவுக்கு 5 ரூபாய் குறைந்தாலே 'ஏன் குறைஞ்சுது?' என்று சண்டைக்கு நிற்கிறோம். பாடு முறையில் யாருக்கு எந்த நாள் என்று கணக்கு தப்பினால் ஊரே கூடிவிடும். கோடிக்கணக்கில் ஒதுக்கும் இந்த பணமும், கடைசியில் நம்ம வீட்டு ஆளின் உயிருக்காக ஒதுக்கியதுதான். அதற்கும் கணக்கு கேட்போம்!