சுவருக்குத் தாள் ஒட்டுமுன்



பிழைப்பை முன்னிட்டு மும்பை போன்ற பெருநகரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பல, வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றன. கறை படிந்த சுவருக்கு வண்ணம் பூச நேரமும் வசதியும் இல்லாதபோது, வால்பேப்பர் எனப்படும் அலங்காரத் தாள் எளிய வழியாகத் தோன்றுகிறது. ஒரே நாளில் அறை புதுப்பொலிவு பெறுவதும் உண்மையே. ஆனால், எத்தகைய சுவரை மூடுகிறோம் என்று ஆராயாமல் ஒட்டினால் பணம் மட்டுமன்றி, பிள்ளைகளின் சுகமும் கெடும்.

ஓதமுள்ள சுவரை மூடாதிருங்கள்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மட்டும் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைச்சாரல் படும் வெளிச்சுவரிலும், குளியலறையை அடுத்த சுவரிலும் ஓதம் ஏறுவது வழக்கம். வினைல் பூசிய தாள் அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரத்தில் தாளும் பசையும் பூஞ்சணத்துக்கு உணவாகின்றன. வெளியே பூக்கள் அழகாய்த் தெரிய, பின்னே கரும்பூஞ்சணம் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது இருமலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடும்.

வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாய்த் தோன்றும் தோஷத்தைக் குறித்து லேவியராகமம் 14ஆம் அதிகாரம் கூறுவதை நாம் அறிவோம். அங்கே சுவரை மறைக்கும்படி சொல்லப்படவில்லை. வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்த்து, கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் செதுக்கிப் புதிதாகப் பூசும்படியே கட்டளையிடப்பட்டிருக்கிறது.

ஓதத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பினால் இறுக ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவையுங்கள். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் நீர்த்துளி காணப்பட்டால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறத்தில் காணப்பட்டால் அது அறையின் காற்றிலுள்ள ஈரம். அப்போது ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். கசிவு இருப்பின் முதலில் அதைச் சரிசெய்து, சுவர் நன்றாய் உலரும்வரை பொறுத்திருங்கள். மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒட்டுவதே நலம்.

அளவும் ஆயத்தமும்

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒருவகை ரோல் 53 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 10 மீட்டர் நீளமும் உள்ளது. 10 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள சுவருக்கு ஆறு துண்டுகள் தேவை. ஒரு ரோலில் மூன்று துண்டுகள் கிடைப்பதால், இரண்டு ரோல்கள் போதும். பெரிய பூவேலையைப் பொருத்த வேண்டுமானால் கூடுதலாக ஒன்று வாங்குங்கள். எல்லா ரோல்களிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாயிருப்பது அவசியம். இல்லையெனில் நிறம் சற்றே மாறுபடக்கூடும்.

உதிரும் சுண்ணாம்பையும் பழைய டிஸ்டெம்பரையும் சுரண்டி, புட்டியால் பள்ளங்களை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசுங்கள். ஸ்விட்ச் பலகையைக் கழற்றுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். சுவரின் மூலைகள் நேராயிருக்கும் என்று நம்பாமல், தூக்குக்குண்டு கட்டிப் பென்சிலால் கோடு வரைந்து, முதல் துண்டை அதற்கு ஒட்டினாற்போல் பதியுங்கள். மேலும் கீழும் இரண்டு அங்குலம் மிகுதியாக விட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தடவிக் காற்றை வெளியேற்றி, மிகுதியைக் கூரான கட்டரால் வெட்டுங்கள்.

வாடகை வீடாயின்

பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர், வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்வது டெபாசிட் பணத்தைக் காக்கும். ஒட்டுமுன் சுவரைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். நெய்யாத் துணி போன்ற அடிப்புறமுள்ள ‘நான்-வோவன்’ தாளை வாங்கினால், பசையைச் சுவரில் பூசி ஒட்டலாம். காலிசெய்யும்போது பெரும்பாலும் முழுத் துண்டாக உரித்தெடுக்கலாம்.

கசிவைக் கண்டும் அதைத் தாளால் மறைத்துவிட்டு வீட்டைக் காலிசெய்வோர் சிலர் உண்டு. அந்தச் சுவரருகே அடுத்து உறங்கப்போவது வேறொரு குடும்பத்தின் குழந்தை அல்லவா? ஆகவே, கண்ட குறையை உரிமையாளருக்குத் தெரிவியுங்கள்; சுவர் சுகமான பின்பு அதை அலங்கரியுங்கள்.