பாட்டியின் பித்தளைக் குண்டானை என்ன செய்வது?



லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகிற குடும்பங்களில், சாமான் கட்டும்போது ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். "இந்தப் பித்தளைக் குண்டான் எதுக்கு? பழைய சாமான் லோரியில போட்டுடலாம்" என்பார் மருமகள். "ஊரிலிருந்து கப்பல்ல வந்த பாத்திரம்மா இது" என்பார் மாமியார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் வாந்தியும் வயிற்று வலியுமாக என்னிடம் வந்தார்கள். கெட்டுப்போன சாப்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தால், காலையில் பித்தளைக் குண்டானில் வைத்த புளி ரசம் சாயந்திரம் வரை அதிலேயே இருந்திருக்கிறது. குடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மறுநாள் நலமாகத் திரும்பினார்கள். "எங்க மாமியாரும் இதிலதானே ரசம் வெச்சாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார். வைத்தார்கள். அப்போது உள்ளே கலாய் இருந்தது!

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மங்கிய பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளக்கிறதல்லவா? புளி அந்த மேல்பூச்சைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான் பளபளப்பு. ரசம் வைத்தாலும் அதே வேலைதான் நடக்கிறது. கரைந்தது மட்டும் வயிற்றுக்குள் போகிறது. புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், மோர் எதுவும் கூடாது. கைக்குழந்தைக்குப் பாலும் இதில் காய்ச்சி வைக்காதீர்கள். இந்தியாவில் பச்சைக் குழந்தைகளின் ஈரல் கெட்டுப்போகும் ஒரு நோய்க்கு, கலாய் இல்லாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த பாலே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது.

ஆகவே குண்டானை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பாருங்கள். முழுக்க வெள்ளையாக இருந்தால் கலாய் இருக்கிறது. மஞ்சளோ சிவப்போ பச்சைக் களிம்போ தெரிந்தால் சமையலுக்கு வேண்டாம். கலாய் பூச ஆள் கிடைத்தால் சுத்தமான வெள்ளீயத்தில்தான் பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்தால் மலிவு, ஆனால் அது விஷம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கலாய் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காய விடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

ஓட்டைக்கு ஈயம் வைத்து அடைத்த பாத்திரம் எதுவானாலும் சமையலுக்கு ஆகாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், வெள்ளீயம்தான் என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அலமாரியில் இருக்கட்டும். அடி குழிகுழியாகிப்போன அலுமினியச் சட்டியைத் தயங்காமல் லோரியில் ஏற்றுங்கள்.

ஆனால் இரும்புக் குவாலியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்! துரு பிடித்திருந்தால் தேய்த்துக் கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவினால் போதும். அதில் சமைக்கும்போது கொஞ்சம் இரும்புச் சத்து சாப்பாட்டில் சேரும். இரத்தம் குறைந்து சோர்ந்து வரும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். மாத்திரைக்கு அது மாற்று இல்லை என்றாலும், துணை. தலசீமியா உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரசக் குண்டான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறார்கள்.