இனிப்பு இறுங்கு: எரிபொருள் வயலில் விளையுமா?

2022ஆம் ஆண்டு டீசலுக்காகக் கான்களோடு வரிசையில் நின்றவர்களிடம், "எரிபொருள் உங்கள் வயலிலேயே விளையும்" என்று சொன்னால் கட்டாயம் காது கொடுப்பார்கள். அப்படிச் சொல்லப்படும் பயிர்களுள் ஒன்று இனிப்பு இறுங்கு. தமிழ்நாட்டில் சோளம் என்பது இதன் இனமே. நாம் சோளன் என்று அவித்துத் தின்பது வேறு பயிர்.

மற்ற இறுங்கைப் போலவே இதுவும் கதிரில் தானியம் தரும். வேறுபாடு தண்டில்தான். கரும்பைப் போல அதில் இனிப்புச் சாறு உண்டு. சாற்றைப் பிழிந்து, நொதிக்கவிட்டு வடித்தால் எரிசாராயம் கிடைக்கும். ஏறக்குறைய நான்கு மாதப் பயிர். கரும்பைவிட மிகக் குறைந்த நீர் போதும்.

இந்தியாவில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பல்டனிலுள்ள நிம்ப்கார் ஆராய்ச்சி நிலையம் "மதுரா" என்ற இனத்தை உருவாக்கியது. எரிசாராயத்தை விளக்கிலும் அடுப்பிலும் எரித்துக் காட்டியது. சாற்றைக் காய்ச்சிப் பாகும் எடுத்தது. ஐதராபாத் அருகேயுள்ள இக்ரிசாட் நிலையத்தின் துணையோடு, ருஸ்னி என்ற ஆலை 2007இல் மேடக் மாவட்டத்தில் எரிசாராயம் வடிக்கத் தொடங்கியது. அது நீடிக்கவில்லை. இத்தொழிலின் சிக்கல் விளங்காததல்ல. வெட்டிய தண்டு காத்திருக்காது. ஒரு நாள் கடந்தாலே சர்க்கரை குறையும். அறுவடையோ சில வாரங்களில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் ஆலைக்குத் தீனி இல்லை. தூரத்துக் கிராமங்களுக்காக இப்ராகிம்பாத்தில் சாற்றைப் பிழிந்து பாகாக்கும் சிறு நிலையம் ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள்.

ஆகவே, "நடுங்கள், வாங்குகிறோம்" என்று யாராவது வவுணதீவுக்கு வந்தால், முதற் கேள்வி: பிழியும் ஆலை எங்கே? வாவியைக் கடந்து லொறியில் ஏற்றிப் போவதற்குள் பணம் ஆவியாகிவிடும். எரிசாராயம் பெற்றோலுடன் கலப்பதற்கானது. உழவு இயந்திரத்தின் டீசல் தாங்கியில் அப்படியே ஊற்ற முடியாது. அனுமதிப்பத்திரமின்றி வடிப்பதும் சட்டப்படி குற்றம். (வீட்டில் வடித்தால் அது விளக்குக்குப் போகுமா, கசிப்பாகப் போகுமா என்று நமது பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.)

இடம்பெயர்ந்து மீண்ட குடும்பம் காணி முழுவதையும் இதற்கு விடுவதை நான் விரும்பேன். மாரி மழையோடு மேட்டுநிலத்தில் ஒரு சிறு துண்டு போதும். தானியம் வீட்டுக்கு, இலை மாட்டுக்கு, பிழிந்து காய்ந்த சக்கை அடுப்புக்கு.

மாட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1990இலும் 2007இலும் பட்டியை விட்டு ஓடி, ஒன்றிரண்டு பசுக்களோடு மறுபடி தொடங்கியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இளம் இறுங்கிலும், வறட்சியில் வாடி மழைக்குத் துளிர்த்த குருத்திலும் சயனைட்டு நஞ்சு உண்டு. வெறும் வயிற்றோடு பாய்ந்து மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே விழுந்து சாகலாம். வேலியைப் பயிர் முளைக்குமுன்னரே அடையுங்கள். பூத்த பின்பே வெட்டிப் போடுங்கள்.