மலையில்லாத ஊரின் பழங்குடிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பட்டியல் பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. வில்லியனூர்ப் பக்கம் செங்கல் சூளையில் மண் குழைத்துக்கொண்டிருந்த இருளர் குடும்பம், பாகூர் வயல் வரப்பில் எலி வளை தோண்டிக்கொண்டிருந்த இருளர் கிழவர், சங்கராபரணி ஆற்றில் கையாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளப் பெண் என்று அத்தனை பேரும் அன்று இந்த மண்ணில்தான் இருந்தார்கள். பழங்குடி என்ற பெயரில் மட்டும் அவர்களை எண்ண வழியில்லை. புதுச்சேரிக்கென்று பழங்குடிப் பட்டியலே அப்போது கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரில் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சட்டப்படியான இணைப்பு 1962-ல் முடிந்தது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1964-லேயே வந்துவிட்டது. பழங்குடிகளுக்கான ஆணை 2016 டிசம்பரில்தான் வந்தது. வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களில் அழைக்கப்படுவோரையும் சேர்த்து, இருளர் சமூகம் மட்டும் அதில் இடம்பெற்றது. நடுவில் கழிந்தவை 52 ஆண்டுகள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை அந்த இடைவெளியில் வாழ்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பட்டியல் பழங்குடி என்ற தகுதியில் ஒரு கல்வி உதவித்தொகையோ, ஒரு வேலை ஒதுக்கீடோ இங்கே யாருக்கும் கிடைத்திருக்க முடியாது.

பழங்குடி என்றாலே மலையையும் காட்டையும் நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. புதுச்சேரியில் மலை இல்லை. சொல்லிக்கொள்ளும்படி காடும் இல்லை. ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் குடிசை போட்டு, ஊருக்கு அருகிலேயே, ஆனால் ஊருக்குள் சேராமல் வாழ்ந்த சமவெளி இருளர்களை அரசு பார்க்கத் தவறியதில் அந்த நினைப்புக்கும் பெரிய பங்குண்டு என்பேன்.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் பேருந்தில் போனால் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு, அவை புதுச்சேரி. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தைக் கடந்தால் ரெட்டிச்சாவடி, மறுபடியும் தமிழ்நாடு. வயலுக்கு வயல் மாநிலம் மாறுகிற நிலம் இது. இருளர் குடும்பங்களின் கொள்வினை கொடுப்பினையெல்லாம் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் இருளர்களைத் தனிக் கவனம் தேவைப்படும் தொன்மைப் பழங்குடிகள் ஆறில் ஒன்றாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு மாநிலத்துப் பழங்குடி இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. வேலை தேடிப் பாகூருக்கு வந்து தங்கிவிட்ட ஓர் இருளர், தன் மகனுக்குச் சான்றிதழ் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறாய், ஆதாரம் என்ன என்று கேட்பார்கள். பட்டா இல்லாதவரிடம், வாடகைச் சீட்டு இல்லாதவரிடம், பிரசவம் சூளையிலேயே நடந்ததால் பிறப்புப் பதிவே இல்லாதவரிடம் எந்தக் காகிதம் இருக்கும்?

காட்டுநாயக்கர் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் அவர்கள் பட்டியல் பழங்குடி. 2016 ஆணையில் அவர்கள் பெயர் இல்லை. மலைக்குறவர், எருகுலா, குருமன்ஸ் ஆகியோரின் பெயர்களும் அதில் இல்லை. புதுச்சேரி அரசு தன்னளவில் இவர்களைப் ‘பிற்படுத்தப்பட்ட பழங்குடியினர்’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. மத்திய அரசின் பழங்குடித் திட்டங்களுக்கு அந்தப் பெயர் செல்லாது.

இருளர்களின் கைவேலை நுட்பமானது. எலி வளையின் ஒரு வாயை அடைத்துவிட்டு, துளையிட்ட பானையில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். எலி வெளியே வரும். வளைக்குள் அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். உழவருக்குப் பயிர் மிஞ்சும், இவர்களுக்கு அன்றைய சோறு. பாம்பு பிடித்துத் தோல் விற்ற பிழைப்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இல்லாமல் போனது. அந்தக் கைத்திறனைக் காக்க, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவது அதன் வேலை. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இங்கிருக்கும் இருளருக்கு அப்படியொரு வாசல் திறக்கவில்லை. மிஞ்சியது சூளை, கரும்பு வெட்டு, சவுக்கு வெட்டு, வாத்து மேய்ப்பு.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் நுழைவாயில் ஒன்றுதான்: முன்பணம். பிரசவத்துக்கோ, சாவுச் செலவுக்கோ, குடிசைக்குக் கூரை போடவோ சில ஆயிரம் வாங்குகிறார்கள். கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. கணக்கு எழுதுகிறவர் முதலாளி. வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாது. கடன் குறையாமல் நிற்கும்போது குடும்பத்தில் அடுத்த ஆளும் வேலைக்கு இறங்க வேண்டியதாகிறது. சில நேரம் அந்த அடுத்த ஆள் குழந்தை. சில ஆண்டுகளுக்கு முன் பாகூர்ப் பகுதியில் வாத்து மேய்க்க விடப்பட்டிருந்த இருளர் பிள்ளைகள் மீட்கப்பட்டபோதுதான் பலருக்கு இது தெரியவந்தது. அறுவடை முடிந்த வயல்களில் விடியலிலிருந்து வாத்துக்குப் பின்னால் நடந்து, இரவில் பட்டியருகே காவல் கிடக்கும் வேலை அது.

இதே பாகூரில்தான் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அந்தக் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அந்தப் பெருமையைச் சொல்லி மகிழ்கிற நாம், அதே வயல்களில் பள்ளியைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்த நிலையில் 3 லட்சம் ரூபாய் தர வேண்டும். ஆனால் முதலாளி தண்டிக்கப்பட்டால்தான் முழுத்தொகை கைக்கு வரும். வழக்கு பல ஆண்டு இழுக்கும். அதுவரை வயிறு காத்திருக்காது. அந்தக் குடும்பம் வேறொரு முன்பணத்தைத் தேடிப் போகும். இந்த நிபந்தனையை நீக்கியே ஆக வேண்டும்.

காவல்துறை பற்றிய அச்சம் இவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1993-ல் ஒரு திருட்டு வழக்குக்காக விழுப்புரத்தை அடுத்த அத்தியூருக்குப் போன புதுச்சேரிக் காவலர்கள், அங்கே ஓர் இருளர் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்குப் பதிவானது. கீழமை நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்ட போராட்டத்தில் முன்நின்றவர் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்தின் வழியே பிறந்ததுதான். சான்றிதழைத் தடுக்கும் மாநில எல்லை, காவல் வண்டியை ஒருநாளும் தடுத்ததில்லை.

முறையிடவும் ஆளில்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அடுத்து 2006-ல். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின், கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகள் கையில்தான் ஓடுகின்றன. வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில், குடிசைக்கு மின்சாரம் கேட்க விரும்பும் இருளர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? ரேஷன் கடைகளும் பல ஆண்டு மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். கணக்கே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? 2024 இறுதியில்தான் கடைகள் மறுபடி திறந்தன.

அரசு செய்ய வேண்டியதில் கடினமான காரியம் எதுவும் இல்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் இருளர் குடியிருப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருவாய்த் துறை அங்கேயே போய் உட்கார்ந்து சாதிச் சான்றும், மனைப்பட்டாவும், ரேஷன் அட்டையும் தரட்டும். அலைந்தால் கூலி போகும் மக்களை அலையவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பள்ளி நாளில், வாத்துக் கூட்டத்துக்குப் பின்னாலோ சூளையிலோ ஒரு பிள்ளையைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இரவிலும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.