அப்புத்தளையிலிருந்து கம்பஸுக்கு

அப்புத்தளை டவுனிலுள்ள கொமியுனிகேசன் கடைகளில் வருடத்துக்கு ஒரு தடவை தனியாக ஒரு கூட்டம் சேரும். உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைநூலை வெளியிட்டு, இணையத்தில் விண்ணப்பம் திறந்திருக்கும் சில வாரங்கள் அவை. தம்பேதென்னை பஸ்ஸில் ஒரு பிள்ளை இறங்கி வரும். கையில் பைல், அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, பெறுபேற்றுத் தாள். கூடவே, அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்த அம்மா. கடைக்காரத் தம்பி கணினியில் பெயரை அடிக்கும்போது அம்மா எழுந்து நின்று எழுத்தைப் பார்ப்பார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்ப்பார். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் எத்தனை கந்தோர் ஏற வேண்டியிருக்கும் என்பது தோட்டத்து அம்மாக்களுக்குத் தெரியும்.

அறுபது வருடங்களுக்கு முன்னர் இதே டவுனில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்க முடியாது. இத்தனைக்கும் பாதை அப்போதே இருந்தது. தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலையை லிப்டன் கட்டியது 1890இல். மூன்று வருடத்தில், 1893இல், புகையிரதம் அப்புத்தளைக்கு வந்துவிட்டது. 1942இல் ஆரம்பித்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, அப்புத்தளை ஸ்டேசனில் ஏறுகிறவர் இறங்க வேண்டிய இடமும் அதே தண்டவாளத்தில்தான் இருந்தது. தேயிலைப் பெட்டிகள் அந்தப் பாதையால் கொழும்புத் துறைமுகத்துக்கு நாள் தவறாமல் போயின. லயத்துப் பிள்ளைகள் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. பல தோட்டங்களில் அதுவும் இல்லை. பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிட்டால் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் பதிந்துவிடும். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்ததால் அது மலைக்கு ஏறிவர மேலும் முப்பது வருடமானது. பல்கலைக்கழகத்தில் பாடம் அன்று ஆங்கிலத்தில். அதற்கென்று தனியாக ஒரு நுழைவுப் பரீட்சையும் இருந்தது. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பள்ளியிலிருந்து அந்தப் பரீட்சை மண்டபம் வரை போக, இடையில் ஒரு டவுன் பள்ளிக்கூடமும், தங்க ஒரு வீடும், மாதாமாதம் கட்டப் பணமும் வேண்டும். பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, டவுனில் கடை வைத்திருந்தவர் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது முடிந்தது. கொழுந்தெடுத்தவர் வீட்டிலிருந்து போனவர்கள் மிக அபூர்வம்.

அடுத்தது பிரஜாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. எவ்வளவு படித்தாலும் அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்ற நிலையில், பிள்ளையை ஏன் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். இந்தக் கணக்கு வகுப்பறைக்குள் செய்த சேதத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு அப்படியே நின்றது. "நாமதான் போகப் போறமே, இங்க படிச்சு என்னத்துக்கு?" என்று கேட்ட வீடுகள் ஊவாவின் தோட்டங்களெங்கும் இருந்தன. சில குடும்பங்கள் அப்படிப் பத்து வருடம் காத்திருந்தன. புறப்படும் நாளில் அப்புத்தளை ஸ்டேசனில் அழுகையும் மாலையுமாக ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறினார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போன பிள்ளைகளின் கதை வேறு கட்டுரைக்கு உரியது. போகாமல் நின்றவர்களுக்கும் அந்தப் பத்து வருடம் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தக் காகிதச் சுவர் முழுதாக விழ 2003 வரை ஆனது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான், இந்த மலைகளில் நாடற்றவர் என்று ஒருவரும் இல்லாத நிலை பிறந்தது. இன்று கொமியுனிகேசன் கடையில் நிற்கும் பிள்ளை விண்ணப்பத்தின் பிரஜாவுரிமைக் கட்டத்தை யோசிக்காமல் நிரப்புகிறது. அந்தப் பிள்ளையின் பாட்டனுக்கு அந்த ஒரு கட்டத்தில் வாழ்க்கையே நின்றது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அதைத் தொடர்ந்து பாடசாலைகளும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஆனால் அதே பத்தாண்டில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. மாவட்ட ஒதுக்கீடு பதுளை, நுவரெலியா போன்ற மாவட்டங்களுக்கு இடம் கொடுத்தது என்றும் சொல்வார்கள். உண்மை, மாவட்டத்துக்குக் கொடுத்தது. ஆனால் உயர்தர வகுப்பே இல்லாத தோட்டத்துக்கு அதில் என்ன பங்கு கிடைத்திருக்கும்? அந்த இடங்கள் டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போயின. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே பதிந்து எழுதியவர்களுக்கும் போயின. அதோடு 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை டவுன் எரிந்தது. படிப்பைப் பற்றி யோசிக்கும் மனநிலை பல வீடுகளில் வருடக்கணக்காக இல்லை.

நிலைமையை உண்மையில் மாற்றியது ஆசிரியர்கள் என்பது என் முடிவு. 1980களிலும் 90களிலும் தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரியர்களை எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் லயத்திலேயே பிறந்து சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த இளைஞர்களும் யுவதிகளும். சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. தன்னைப் போலவே லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்து வந்த ஒரு டீச்சர் முன்னால் நின்று பாடம் எடுக்கும்போது பிள்ளைக்கு ஏற்படும் நம்பிக்கையை எந்தக் கட்டடமும் தந்துவிடாது. அப்புத்தளை, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரிகளிலிருந்தும் பதுளை சரஸ்வதியிலிருந்தும் இன்று கம்பஸுக்குப் போகும் பிள்ளைகளில் பலர், அந்தத் தலைமுறை ஆசிரியர்களின் கையில் அகரம் எழுதியவர்கள், அல்லது அவர்களது மாணவர்களின் கையில்.

இன்றைய முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பெற்றோருக்கு இது இன்னும் புதிராகவே இருக்கிறது. உயர்தரத்தில் மூன்று பாடங்களும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் முப்பது புள்ளியாவது எடுத்தவர் விண்ணப்பிக்கலாம். மொத்தப் புள்ளியைக் கூட்டிப் பார்த்த காலம் போய், 2001 முதல் இசட் புள்ளிதான் கணக்கு. கடினமான பாடத்தில் எடுத்த 60ஐயும் இலகுவான பாடத்தில் எடுத்த 80ஐயும் ஒரே தராசில் நிறுக்க வந்த முறை அது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று.

இங்கேதான் பழைய குறை புதிய உடையில் நிற்கிறது. பதுளை மாவட்டம் என்று சொல்லும்போது பதுளை டவுனின் பெரிய கல்லூரிகளும் பிட்டரத்மலையும் தங்கமலையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆய்வுகூடமும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியரும் டியூசனும் உள்ள பிள்ளைக்கும், பாதி நாள் ஆசிரியரே இல்லாத வகுப்பிலிருந்து வரும் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையை மாவட்டத்துக்குள் முன்னேறியவர்களே பெரும்பாலும் அனுபவிக்கிறார்கள். தோட்டப் பாடசாலைகளுக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்றே நான் நம்புகிறேன்.

அதைவிடப் பெரிய வடிகட்டல் பதினாறு வயதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. சாதாரண தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் எதைப் படிப்பது என்பதை அதன் விருப்பம் தீர்மானிப்பதில்லை. பக்கத்துப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் உயர்தரம் வரை நடத்தும் 1ஏபி பாடசாலைகள் இந்தப் பக்கம் மிகக் குறைவு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். பண்டாரவளைக்கோ பதுளைக்கோ தினம் போய்வர பஸ் காசும் நேரமும் வேண்டும். போர்டிங் என்றால் இன்னும் செலவு. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்ரெம்பரில் 1,350 ஆனது. அந்தக் கணக்கில் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் டியூசன் காசு எங்கிருந்து வரும்?

ஒரு உதாரணம் போதும். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பெறுமதி சேர்த்தலுக்கும் அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்தின் பதமும் வாட்டும் மாடியின் வாசமும் பிறந்தது முதல் தெரிந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு எது? ஆனால் அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். நான்கு தலைமுறையாகக் கொழுந்தெடுத்த வீட்டின் பிள்ளை தமிழ், புவியியல், இந்து நாகரிகம் எடுத்துவிட்டு நிற்கிறது. கலைப்படிப்பு குறைந்ததென்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் கலைப்பீடத்தில் படித்துத் திரும்பியவர்கள்தான் இன்று எங்கள் பாடசாலைகளைத் தாங்குகிறார்கள். வேறு வழி இருந்தும் கலையைத் தேர்ந்தால் மகிழ்ச்சி. வழியே இல்லாமல் தேர்வதுதான் வலிக்கிறது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். கடையில் பைலோடு நிற்பவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம். ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பராவில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். இன்று அந்த மூத்த பெண்ணை யாழ்ப்பாணத்துக்குத் தனியே அனுப்ப அப்பா சம்மதிக்கிறார். ஆண்பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுவது கவலைக்குரிய விஷயம்.

கம்பஸ் கிடைத்த பிறகு பயம் பணத்தைப் பற்றியது. மஹாபொல புலமைப்பரிசிலோ பேர்சரி உதவித்தொகையோ கிடைக்கும். ஆனால் முதல் தவணைப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் பாய், தலையணை, விடுதிக் காசு, மடிக்கணினி, குளிர் மலையிலிருந்து வெயில் ஊருக்குப் போகும் பிள்ளைக்குப் புது உடுப்பு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாக வழங்கப்படும் புலமைப்பரிசிலும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றே தெரியாத வீடுகளும் உண்டு.

அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பட்டம் பெற்று இன்று ஆசிரியராகவோ உத்தியோகத்தராகவோ இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை உங்கள் பழைய பாடசாலைக்குப் போய் உட்காருங்கள். கைநூலில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த மூன்று நான்கை மட்டும் எழுதிவிட்டு, தகுதியிருந்தும் இடத்தை இழக்கிறார்கள். விருப்ப வரிசையை விருப்பப்படியே எழுத வேண்டும், போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து கீழே இறக்கி எழுதக் கூடாது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் எல்லாப் பத்திரங்களிலும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்; பொருந்தாவிட்டால் சத்தியக்கடதாசிக்கு அன்றே ஏற்பாடு செய்யுங்கள். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளையும் அதே நாளில் கூப்பிட்டு, எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குப் போகும் என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் உயர்தர வகுப்புக்குப் போக முன்னர் சொல்ல வேண்டியது அது.